பாட்டிக்கு வேற பேர் தேடித்தர்ற லிஸ்ட், க்விஸ், சாட்பாட், அகராதி: எல்லாத்தையும் யூஸ் பண்ணி பார்த்த ஒரு புது பாட்டியோட ரிவ்யூ

நேரம் இல்லாதவங்களுக்காக முடிவை முதல்லயே சொல்லிடறேன். பாட்டிக்கு மாத்துப் பேர் தேடறவங்க க்விஸ் பக்கமே போக வேண்டாம், லிஸ்ட்ல வர்ற வேற மொழி சொல்லை அப்படியே நம்பிடாதீங்க, அகராதியையும் உச்சரிப்பு சைட்டையும் கண்டிப்பா பாருங்க, சாட்பாட்டை பேர் கேக்கறதுக்கு இல்லாம செக் பண்றதுக்கு வச்சுக்கங்க. ஏன் இப்படி சொல்றேன்னு தெரியணும்னா கொஞ்சம் பொறுமையா படிங்க, பெருசாத்தான் எழுதியிருக்கேன்.

எனக்கு பாட்டிங்கற சொல்லு மேல எந்த வருத்தமும் கிடையாது, வயசை மறைக்கற எண்ணமும் இல்ல. பிரச்சனை என்னன்னா எங்க வீட்டுல அந்த பேர்ல ஏற்கனவே ஆள் இருக்காங்க. என் அம்மா நல்லா இருக்காங்க, என் பொண்ணு பொறந்ததுல இருந்து அவங்கதான் பாட்டி, மாப்பிள்ளை வீட்டுல அவரோட பாட்டியும் இருக்காங்க, இப்ப நானும் சம்பந்தியும் சேர்ந்தா ஒரே குழந்தைக்கு நாலு பாட்டி. எங்க அம்மாகிட்ட போய் இத்தனை வருஷமா இருந்த பேரை விட்டுக்குடுங்க இனிமே நீங்க கொள்ளுப்பாட்டின்னு சொல்ல எனக்கு மனசு வரல, அதனால நான்தான் வேற பேர் தேடணும்னு முடிவு பண்ணேன். சில பேருக்கு காரணம் வேறயா இருக்கும், சின்ன வயசுலயே பாட்டி ஆயிட்டோமேன்னு இருக்கும், இல்ல ரெண்டாவது கல்யாணத்துல வந்த உறவா இருக்கும், எல்லாமே நியாயமான காரணம்தான்.

முதல்ல லிஸ்ட் பக்கங்கள். தேடினா வரிசையா வரும், நூறு பேர் இருநூறு பேர்னு போட்டிருப்பாங்க. இதுல நல்ல விஷயம் என்னன்னா உலகம் பூரா பாட்டியை எப்படி எப்படி கூப்பிடறாங்கன்னு ஒரே இடத்துல பார்க்கலாம், எனக்கு அது ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. இத்தாலில நோன்னா, ஜெர்மன்லயும் டச்சுலயும் ஓமா, பிலிப்பைன்ஸ்ல லோலா, கொரியால ஹல்மொனி. ஸ்வீடிஷ்ல அம்மாவோட அம்மா மோர்மோர், அப்பாவோட அம்மா ஃபார்மோர். அதாவது நம்ம அம்மம்மா, அப்பம்மா எப்படி கட்டியிருக்கோ அதே கட்டு, எங்கயோ இருக்கற ஒரு மொழில அப்படியே இருக்கு, அதை பார்த்ததும் பொண்ணுக்கு உடனே ஃபோன் போட்டு சொன்னேன்.

ஆனா இந்த லிஸ்ட் எல்லாம் ஒரு பெரிய விஷயத்தை விட்டுடுது. ஒரு சொல்லு ஒரு மொழில பாட்டின்னா பக்கத்து மொழில என்னன்னு சொல்றதே இல்ல. நானான்னு ஒண்ணு எல்லா லிஸ்ட்லயும் மேலயே இருக்கும், இங்கிலீஷ் பேசற வீடுகள்ல அது பாட்டி, சரி. இந்தில நானா அம்மாவோட அப்பா. தெலுங்குல நான்னான்னா அப்பா. இலங்கை முஸ்லிம் வீடுகள்ல நானான்னா அண்ணன். தெலுங்கு பேசற சொந்தமோ இந்தி பேசற மருமகளோ இருக்கற வீட்டுல இந்த பேரை வச்சா குழந்தை யாரை கூப்பிடுதுன்னே புரியாது. பாபாவும் அதே கதைதான், பல்கேரியா, செர்பியா, உக்ரைன் பக்கம் பாட்டி, துருக்கில அப்பா. பிரெஞ்சுல பாட்டியை செல்லமா மாமின்னு கூப்பிடறாங்க, நம்ம வீட்டுல அப்படி கூப்பிட்டா மாமா பொண்டாட்டி திரும்பிப் பார்ப்பாங்க. யாயா கிரேக்கத்துல பாட்டி, பிலிப்பைன்ஸ்ல பிள்ளைய பார்த்துக்க வர்ற அம்மா.

இதைவிட முக்கியம், அம்மா வழியா அப்பா வழியான்னு நிறைய லிஸ்ட்ல பிரிச்சே போடல. நைநைன்னு ஒண்ணு சீனப் பாட்டின்னு மட்டும் போட்டிருந்தாங்க, பார்த்தா அது மாண்டரின்ல அப்பாவோட அம்மாவுக்கு மட்டும்தான், அம்மாவோட அம்மா வைபோ இல்லன்னா லாவ்லாவ். காண்டனீஸ்ல அம்மாவோட அம்மா போபோ. இந்திலயும் நானி (அம்மாவோட அம்மா) வேற, தாதி (அப்பாவோட அம்மா) வேற. நான் பொண்ணைப் பெத்தவ, நைநைன்னு வச்சிருந்தா சம்பந்திக்கு சேர வேண்டிய பேரை எடுத்துகிட்ட மாதிரி ஆகியிருக்கும். உறவு முறைய இவ்வளவு நுணுக்கமா பிரிச்சு வச்சிருக்கற மொழி பேசற நமக்கு இப்படி மொத்தமா போட்ட லிஸ்ட் பத்தவே பத்தாது.

தமிழ் சொல்லுன்னு லிஸ்ட்ல வர்றது பாட்டியும் ஆச்சியும்தான், சிலதுல அதுகூட இல்ல. அப்பத்தா, அம்மாச்சி, அமுச்சி, அப்பாயி, அம்மாயி, அம்மத்தா, அவ்வா, ஆத்தா, ஆயா, பெத்தம்மா, இவ்வளவு இருக்கும்போது இதெல்லாம் எங்க போச்சு? மாத்துப் பேர் வேணும்னா வெளில போறதுக்கு முன்னாடி நம்ம சொந்தத்துலயே நாலு பெரியவங்களுக்கு ஃபோன் பண்ணுங்க, எந்த லிஸ்ட்டும் குடுக்காத பேர் கிடைக்கும். இதுலயும் பக்கத்து மொழிய பார்த்துக்கணும். அம்மாயின்னா நமக்கு அம்மாவோட அம்மா, தெலுங்குல பொண்ணு, மலையாளத்துல மாமாவோட மனைவி. அவ்வா தெலுங்குல பாட்டி, கன்னடத்துல அவ்வான்னா அம்மா. ஆயா சில வீட்டுல உரிமையா கூப்பிடற பேர், ஆனா ஸ்கூல்லயும் ஆஸ்பத்திரிலயும் உதவிக்கு இருக்கற அம்மாவையும் அப்படித்தான் கூப்பிடறாங்க, குழந்தை பாலர் பள்ளி போனதும் ரெண்டையும் குழப்பிக்கும்.

க்விஸ் பத்தி ரொம்ப எழுத ஒண்ணும் இல்ல. உங்களுக்கு பிடிச்ச கலர் என்ன, லீவுக்கு எங்க போவீங்கன்னு கேட்டுட்டு ஒரு பேர் குடுக்கும், அந்த பதிலுக்கும் பேருக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கு விளங்கவே இல்ல. உங்க குடும்பம் என்ன மொழி பேசுது, வேற யாரெல்லாம் பாட்டி முறைல இருக்காங்கன்னு நான் பார்த்த ஒரு க்விஸ்கூட கேக்கல. ஒண்ணுல ரிசல்ட் பார்க்க ஈமெயிலும் குழந்தையோட பிறந்த தேதியும் கேட்டாங்க, அங்கயே மூடிட்டேன். தயவுசெஞ்சு குழந்தை சம்பந்தப்பட்ட தகவலை இந்த மாதிரி இடத்துல குடுக்காதீங்க, ஒரு செல்லப் பேருக்கு அதெல்லாம் தேவையே இல்ல.

சாட்பாட்டுக்கு வருவோம். வெறுமனே பாட்டிக்கு மாடர்னா ஒரு பேர் சொல்லுன்னு கேட்டா மிமி, கிகி, லோலி, கிளாம்மான்னு அதே பத்து பேரை திரும்பத் திரும்ப தரும், தமிழ்ல கேட்டா சில நேரம் இல்லாத சொல்லை இருக்கற மாதிரியே சொல்லுது, அதனால அது சொல்ற ஒவ்வொண்ணையும் அகராதில பார்க்காம எடுத்துக்காதீங்க. ஆனா வேற விதமா கேட்டப்ப நல்லா உதவுச்சு. எங்க குடும்பத்துல யார் யாரை குழந்தை என்னென்ன முறை சொல்லி கூப்பிடும்னு முழுசா எழுதி (பேர் எதுவும் போடல, முறை மட்டும்தான்), எனக்கு பிடிச்ச நாலு பேரையும் குடுத்து, இதுல எது வேற எந்த முறையோட ஓசைல மோதும்னு கேட்டேன். மிமிக்கும் மம்மிக்கும் குழந்தை வாயில வித்தியாசம் தெரியாதுன்னு சொல்லுச்சு. அம்மம்மாவ குழந்தை சுருக்கினா அம்மான்னே ஆயிடும், பெத்தவ கொஞ்ச நாளைக்கு சங்கடப்படலாம்னும் சொல்லுச்சு. இதை நான் யோசிச்சிருக்கவே மாட்டேன், என் பொண்ணு காதுல விழுந்ததும் அவ முகம் மாறினத பார்த்தப்ப அம்மம்மாவ அப்பவே விட்டுட்டேன். சிரமமான மாசங்களை எல்லாம் தாங்கி பெத்தவளுக்குத்தான் அம்மாங்கற முதல் அழைப்பு போகணும், அதுல எனக்கு ரெண்டாவது எண்ணமே இல்ல.

எனக்கு ரொம்ப பிடிச்சது அகராதிதான். சென்னைப் பல்கலைக்கழகத்தோட தமிழ் லெக்சிகன், 1924ல இருந்து 1936க்குள்ள ஆறு தொகுதியா வந்தது, இப்ப சிகாகோ பல்கலைக்கழகத்தோட தென்னாசிய அகராதிகள் தளத்துல இலவசமா தேடலாம். ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தத்தோட நிக்காம எல்லாத்தையும் போட்டிருக்காங்க. அதே தளத்துல பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியும் இருக்கு, ஒரு சொல்லு தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்குன்னு எங்கெங்க எப்படி இருக்குன்னு பக்கத்துல பக்கத்துல பார்க்கலாம், நான் மேல சொன்ன மோதல் எல்லாம் அதுலயே பாதி தெரிஞ்சிடும். குறைன்னு பார்த்தா தளத்தோட தோற்றம் பழசு, ஃபோன்ல பார்க்க கண்ணு வலிக்குது, வேற மொழி அகராதில தேடறப்ப எழுத்து அடிக்கற முறை பழகணும். பெரிய ஸ்கிரீன் இருந்தா அதுல பாருங்க.

அதோட சேர்த்து ஃபோர்வோன்னு உச்சரிப்புக்கான சைட், 2008ல இருந்து இருக்கு. அந்தந்த மொழி பேசறவங்களே ஒரு சொல்லை சொல்லி பதிவு பண்ணியிருப்பாங்க. எழுத்துல அழகா இருக்கற பல பேர் காதுல கேட்டதும் வேண்டாம்னு ஆயிடுச்சு எனக்கு. பாட்டி பேரை யாரும் எழுதிப் பார்க்கப் போறது இல்ல, தூக்கத்துல இருந்து எழுந்து அழுதுகிட்டே கூப்பிடப் போகுது, விளையாடற இடத்துல இருந்து கத்திக் கூப்பிடப் போகுது, வீடியோ கால்ல நெட் விட்டு விட்டு வரும்போது கூப்பிடப் போகுது. அதுக்கு தாங்கணும் அந்த பேர். பிடிச்ச பேரை அடுத்த ரூம்ல இருந்து பொண்ணை கத்தச் சொல்லி கேட்டுப் பார்த்தேன், இதைவிட நல்ல டெஸ்ட் எந்த ஆப்லயும் இல்ல.

குழந்தை வாயப் பத்தி கொஞ்சம் தெரிஞ்சுக்கறது எல்லா சேவையவிட பிரயோஜனமா இருந்துச்சு. அரை வயசை ஒட்டி பாப்பாபாப்பா மாமாமான்னு உளற ஆரம்பிக்கும், ஒரு வயசு வாக்குல அர்த்தத்தோட முதல் சொல்லு வரும். உதட்டை மூடித் திறக்கற ம, ப, நாக்கு நுனில வர்ற த, ந, இதெல்லாம் முதல்ல வர்ற ஓசைங்க, ர, ழ, ஷ எல்லாம் தாமதமாத்தான் வரும், ரெண்டு மெய் ஒட்டி வர்ற கிராண்மா, கிளாம்மா மாதிரி பேர்ல அந்த ரெண்டுல ஒண்ணை குழந்தை முழுங்கிடும். ரோமன் யாகொப்சன்னு மொழியியல் அறிஞர் 1960ல எழுதின கட்டுரைல பால் குடிக்கும்போது மூக்கு வழியா வர்ற முனகல்தான் பல மொழில அம்மாவைக் குறிக்கற மாமா மாதிரி சொல்லுக்கு மூலமா இருக்கலாம்னு விளக்கியிருக்கார். ஆனா ஜார்ஜிய மொழில மாமான்னா அப்பா, தேதான்னா அம்மா! குழந்தை ஓசைய குடுக்குது, அது யாருக்குங்கறத பெரியவங்க முடிவு பண்றோம், அப்படித்தான் எனக்கு படுது.

அதனால ரெண்டு அசை, ஒரே அசை திரும்ப வந்தா இன்னும் நல்லது. பிரிட்டிஷ் இளவரசர் ஜார்ஜ் குட்டியா இருக்கறப்ப எலிசபெத் ராணியை கேன்-கேன்னு கூப்பிடுவார்னு அவரோட அம்மா கேட் 2016ல ஒரு டிவி நிகழ்ச்சில சொன்னாங்க. அவ்வளவு பெரிய பட்டம் இருந்த கொள்ளுப்பாட்டிக்கே குழந்தை வாய்க்கு வர்ற பேர்தான் நின்னுச்சு.

நான் கடைசில எடுத்தது அம்மாயி. என் அம்மா அவங்க அம்மாவை அப்படித்தான் கூப்பிட்டிருக்காங்க, வீட்டுல அப்புறம் யாரும் அந்த பேரை எடுக்கல. தெலுங்கு, மலையாளம் பேசற சொந்தம் எங்களுக்கு இல்ல, அதனால அந்த மோதலும் இல்ல, கடைசில மாயின்னு நீட்டி வர்றதால அம்மாவோடயும் குழம்பாது, குழந்தை சுருக்கினாலும் மாயின்னுதான் வரும்னு நினைக்கறேன், அதுவும் எனக்கு சம்மதம். சம்பந்தியம்மாகிட்ட பேசிட்டுத்தான் முடிவு பண்ணேன், அவங்க அப்பத்தாவ எடுத்துகிட்டாங்க. இதை மட்டும் யாரும் விட்டுடாதீங்க, ரெண்டு பாட்டியும் பேசிக்காம தனித்தனியா பேர் வச்சுகிட்டா பின்னாடி பேச்சு வரும்.

பேரைச் சொல்லி டீஷர்ட், மக், ஃபோட்டோ ஃப்ரேம் பிரிண்ட் பண்ணித் தர்ற சேவைகளையும் பார்த்தேன். தமிழ்ல ஆர்டர் குடுத்தா எழுத்து சரியா விழுமான்னு முன்னாடியே டிசைனை ஸ்கிரீன்ல பார்த்துக்கங்க, சிலதுல ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பு எல்லாம் எழுத்தை விட்டு தள்ளி நிக்குது. குழந்தை வாயில ஒரு பேர் நிலைச்ச பிறகு ஆர்டர் பண்றதுதான் நல்லது, முதல் பேரக்குழந்தை எப்படி திரிக்குதோ அதையே பின்னாடி வர்றதுங்களும் பிடிச்சுக்கும்.

இன்னொண்ணு, நம்ம வீட்டுக்கு மட்டும் புரியற புதுப் பேர் வச்சீங்கன்னா குழந்தைக்கு உங்க முழுப் பேரையும் ஃபோன் நம்பரையும் சேர்த்தே பழக்கிடுங்க. கூட்டத்துல கை விட்டுப் போய் நான் மிமிகூட வந்தேன்னு குழந்தை சொன்னா கேக்கறவங்களுக்கு அது யாருன்னே தெரியாது. ஸ்கூல்ல கூட்டிட்டுப் போக வர்றவங்க பட்டியல்லயும் செல்லப் பேர் போடாம தாயின் தாய்னு போட்டு முழுப் பேரை எழுதச் சொல்லுங்க. என் பொண்ணுகிட்ட இதை இப்பவே சொல்லி வச்சுட்டேன்.