பழைய லேப்டாப்புக்கு டைப்-சி டாக் தலையில் கட்டுகிறார்கள், உஷார்

டெல் லாட்டிடியூட் இ6420 லேப்டாப்புக்கு டாக் (மானிட்டர், சார்ஜர், கீபோர்டு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இணைக்கும் பெட்டி) கேட்டால், ஒரு டைப்-சி டாக்கையும் அதை யுஎஸ்பி-ஏ (பழைய அகலமான யுஎஸ்பி) போர்ட்டில் செருக ஒரு சின்ன கன்வெர்ட்டரையும் கொடுத்து, "ரெண்டு மானிட்டர், சார்ஜிங், எல்லாம் ஓடும்" என்று விற்றார்கள். மானிட்டரும் வரவில்லை, சார்ஜும் ஏறவில்லை. பெட்டி பிரித்தாகிவிட்டது, திரும்ப எடுக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். டாக் பழுது இல்லை. இந்த லேப்டாப்பில் அது ஓட வழியே இல்லை. அது தெரியாமல் ஒருவர் டாக் விற்கக் கூடாது.

இந்த வகை டாக், படத்தை டைப்-சி போர்ட்டின் டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் (டைப்-சி வழியாகவே மானிட்டருக்குப் படம் அனுப்பும் வசதி) வழியாக வாங்குகிறது. யுஎஸ்பி-ஏ-வில் அதற்கான இணைப்பே கிடையாது. கன்வெர்ட்டர் அதை உருவாக்கித் தராது. அந்தப் போர்ட் 5 வோல்ட்டை வெளியே கொடுக்குமே தவிர உள்ளே வாங்காது. லேப்டாப்புக்கு வேண்டியதோ 19.5 வோல்ட். கீபோர்டு, பென் டிரைவ் ஓடுவதைக் காட்டி "டாக் வேலை செய்யுது பாருங்க" என்பார்கள். அதற்கு ஒரு சாதாரண ஹப் போதும்.

டிஸ்ப்ளேலிங்க் சிப் (படத்தைச் சுருக்கி சாதாரண யுஎஸ்பி டேட்டாவாக வாங்கும் சிப்) உள்ள டாக் என்றால் டிரைவர் போட்டால் யுஎஸ்பி-ஏ-விலும் படம் வரும். ஆனால் இ6420-இல் இருப்பது யுஎஸ்பி 2.0, அதிகபட்சம் நொடிக்கு 480 மெகாபிட். 1920×1080 படத்தை 60 ஹெர்ட்ஸில் சுருக்காமல் அனுப்ப நொடிக்கு ஏறக்குறைய 3 கிகாபிட் வேண்டும். எக்செல் பார்க்கலாம், வீடியோ திக்கும்.

இந்த மாடலுக்குச் சரியானது அடியில் உள்ள நீளமான சாக்கெட்டில் உட்காரும் இ-போர்ட் டாக்தான். பிஆர்03எக்ஸ் என்பது சின்னது. பிஆர்02எக்ஸ், அதாவது இ-போர்ட் பிளஸ், 2 டிவிஐ, 2 டிஸ்ப்ளேபோர்ட், விஜிஏ என மானிட்டர் போர்ட்டுகள் கொண்டது. இத்தனை போர்ட் இருக்கிறதே என்று மூன்று மானிட்டர் வாங்கிவிடாதீர்கள். இன்டெல் ஹெச்டி 3000 கிராபிக்ஸ் மட்டும் உள்ள இ6420 ஒரே நேரத்தில் 2 திரைகளைத்தான் ஓட்டும், லேப்டாப் திரையையும் சேர்த்து. வெளியே இரண்டு வேண்டுமானால் மூடியை மூடி வைக்க வேண்டும். ஹெச்டி 4000 வந்த இ6430-இல் 3 வரை போகலாம்.

செகண்ட் ஹேண்டில் அடுத்த ஏமாற்று அடாப்டரில். பிளஸுக்கு 130 வாட் அடாப்டர் கேளுங்கள். டெல் பிளக்கின் நடுவில் உள்ள மெல்லிய பின்தான் அடாப்டர் எத்தனை வாட் என்று லேப்டாப்புக்குச் சொல்கிறது. போலி அடாப்டரில், அல்லது அந்தப் பின் வளைந்திருந்தால், லேப்டாப் ஆன் ஆகும். ஆனால் பேட்டரி ஏறாது, பிராசஸர் வேகமும் படுத்துவிடும். காசு கொடுக்கும் முன் டாக்கில் மாட்டி, லேப்டாப் ஆன் ஆகும்போது எஃப்2 அழுத்தி பயாஸில் (லேப்டாப்பின் அடிப்படை செட்டிங்ஸ் திரை) பேட்டரி பக்கத்தைத் திறந்து 130 வாட் என்று காட்டுகிறதா பாருங்கள். அப்படியே ஒவ்வொரு டிவிஐ, டிஸ்ப்ளேபோர்ட்டிலும் தனித்தனியாக மானிட்டரைச் செருகிப் பாருங்கள்.