எஞ்சினுக்குள் போன ஸ்க்ரூ: கேமராவும் காந்தக் குச்சியும் நீண்ட நாள் பயன்பாட்டில்

போனில் செருகிப் பார்க்கும் சின்ன கேமரா, இழுத்தால் நீளும் காந்தக் குச்சி. பைக் எஞ்சினுக்குள் ஏதாவது போய்விட்டால் ஹெட்டை (சிலிண்டரின் மேல் மூடியை)க் கழற்றாமல் எடுக்க முடியுமா என்று பார்ப்பதற்குப் பட்டறைகளில் இன்று பெரும்பாலும் இந்த இரண்டுதான். இரண்டுமே விலை குறைவு, இரண்டுமே உழைக்கின்றன. ஆனால் விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி உழைப்பதில்லை. எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறோம்.

கருவியை எடுப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்தோ கெட்டோ போயிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் திடீரென்று 'டக் டக் டக்' என்று இரும்பு அடிக்கும் சத்தம் கேட்டால் கிளட்ச்சைப் பிடித்து, கில் சுவிட்சை அமுக்கி நிறுத்த வேண்டும். 6000 ஆர்பிஎம்மில் பிஸ்டன் நொடிக்கு 100 முறை மேலே வந்து போகிறது. பத்து நொடி தயங்கினால் அந்த ஸ்க்ரூ ஹெட்டில் ஆயிரம் முறை அடித்திருக்கும். "இன்னொரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம், சத்தம் வருதான்னு" என்பதுதான் அதிகம் செலவு வைக்கும் யோசனை. சத்தம் தானாக நின்றுவிட்டதென்று சந்தோஷப்படவும் வேண்டாம். துண்டு பிஸ்டன் தலையில் பதிந்திருக்கலாம், அல்லது வால்வுக்கும் அது மூடும்போது உட்காரும் சீட்டுக்கும் நடுவில் மாட்டியிருக்கலாம். இரண்டாவது என்றால் கிக்கர் கனமில்லாமல் இறங்கும், கம்ப்ரஷனே இருக்காது.

சிலிண்டருக்குள் போக இரண்டு வாசல்கள்தான்: காற்று வரும் வழி, ஸ்பார்க் பிளக் ஓட்டை. ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளில் பிளக்கின் மரை 10 மி.மீ., ஓட்டையின் உள் அளவு சுமார் 9 மி.மீ. ஆகவே 10 நம்பர் ஸ்பேனர் போடும் நட்டு அதற்குள் நுழையாது. 8 நம்பர் நட்டும், சின்ன வாஷரும், கார்புரேட்டர் ஸ்க்ரூவும் நுழையும். 12 மி.மீ. பிளக் உள்ள வண்டியில் 10 நம்பர் நட்டும் போய்விடலாம். இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்திருந்தால், காணாமல் போன நட்டைத் தரையில் தேடுவதா எஞ்சினில் தேடுவதா என்ற குழப்பம் பாதி தீரும்.

காற்று வழியில் வருபவை வேறு ரகம். த்ராட்டில் பட்டர்ஃபிளையை (காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் தகட்டை)ப் பிடித்திருக்கும் இரண்டு குட்டி ஸ்க்ரூ, சோக் தகட்டின் ஸ்க்ரூ, உதிர்ந்துபோன ஃபோம் ஃபில்டர், கார்புரேட்டரைக் கழற்றியபோது தூசி போகாமலிருக்க அடைத்துவிட்டு எடுக்க மறந்த வேஸ்ட் துணி. மாதக்கணக்கில் நின்ற வண்டியானால் ஏர் பாக்ஸில் எலி சேர்த்து வைத்த கடலைத் தோலும் குளவி கட்டிய மண்ணும் இருக்கும். மண்ணை லேசாக நினைக்க வேண்டாம். ஸ்க்ரூ ஒரே நாளில் அடிப்பதை மண் சத்தமில்லாமல் செய்யும்: பிஸ்டன் ரிங்கையும் போரையும் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையையும்) தேய்த்து, புகை வந்த பிறகுதான் தெரியவரும்.

இனி கேமரா. 5.5 மி.மீ. தலை உள்ளதை மட்டும் வாங்குங்கள். 8 மி.மீ. தலை 10 மி.மீ. பிளக் ஓட்டையில் நுழையும்தான், ஆனால் நுழைந்தபின் திருப்ப இடமிருக்காது. ஒயர் ஓரளவு விறைப்பாக, வளைத்த இடத்தில் நிற்பதாக இருக்கட்டும். தொளதொளவென்ற ஒயர் உள்ளே போய் எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். வைஃபை மாடலில் படம் ஒரு கணம் தாமதமாகவே வருவதால் காந்தத்தை நகர்த்தும்போது கையும் கண்ணும் சேராது. யுஎஸ்பி ஒயரே மேல். பெட்டியில் அச்சடித்திருக்கும் மெகாபிக்சல் கணக்கைப் பொருட்படுத்தத் தேவையில்லை. கேட்க வேண்டியது ஃபோகஸ் தூரம். மலிவு கேமராக்களில் பெரும்பாலானவை 3 செ.மீ.க்கு அப்பால்தான் தெளிவாகக் காட்டும். ஸ்ப்ளெண்டரின் போர் 50 மி.மீ., அதாவது உள்ளே எல்லாமே கேமராவின் மூக்கில் இடிக்கும் தூரத்தில்தான் இருக்கிறது. பழைய 350 சிசி புல்லட்டின் 70 மி.மீ. போரில் கண்ணாடி மாதிரி தெரிந்த அதே கேமரா இங்கே மங்கலாகக் காட்டினால் கேமராவைத் திட்டிப் பயனில்லை.

எல்இடி வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள். எண்ணெய் பட்ட பிஸ்டன் பளபளப்பதில் முழு வெளிச்சம் போட்டால் வெள்ளைத் திட்டு மட்டும்தான் தெரியும். எஞ்சின் ஆறிய பிறகே உள்ளே விட வேண்டும். சூட்டில் விட்டால் முதலில் லென்ஸில் ஆவி படியும், பிறகு பசை இளகும், அதோடு கேமரா முடிந்தது.

கூடவே ஒரு பொட்டலத்தில் கொக்கி, குட்டிக் கண்ணாடி, குட்டிக் காந்தம் தருவார்கள். அவற்றை அப்படியே எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். கேமரா தலையில் வெறும் கிளிப்பாக மாட்டுபவை அவை. பிளக் மரையில் உரசி வெளியே வரும்போது கழன்று உள்ளேயே விழும். ஒன்றை எடுக்கப் போய் இரண்டாகிவிடும். வால்வுப் பக்கம் பார்க்க வேண்டுமென்றால் பக்கவாட்டில் இன்னொரு லென்ஸ் உள்ள கேமராவுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிப்பது நியாயம்.

தேடும் வரிசை முக்கியம். முதலில் கார்புரேட்டரை அல்லது த்ராட்டில் பாடியைக் கழற்றி மேனிஃபோல்டுக்குள் (ஹெட்டுக்குக் காற்று போகும் குழாய்க்குள்) பாருங்கள். எடுத்தவுடன் பிளக்கைக் கழற்றுகிறவர்கள் அதிகம், ஆனால் பொருள் வால்வைத் தாண்டாமல் போர்ட்டிலேயே (ஹெட்டுக்குள் வால்வு வரை போகும் வழியிலேயே) கிடப்பதும் உண்டு. காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு சில மி.மீ. தான் திறக்கிறது, அதைவிடத் தடிமனானது உள்ளே போக முடியாது. அங்கே இல்லையென்றால் பிளக். கழற்றும் முன் பிளக் குழியை ஏர் அடித்துச் சுத்தம் செய்யாவிட்டால் அதைச் சுற்றியிருக்கும் மணலே அடுத்த வேண்டாத விருந்தாளி. கழற்றிய பிளக்கைக் கவனியுங்கள்: சுமார் 0.7 மி.மீ. இருக்க வேண்டிய கேப் (நுனியில் பொறி பறக்கும் இடைவெளி) நசுங்கி மூடியிருந்தாலோ, எலக்ட்ரோடு மேல் அலுமினியத் துகள் மினுங்கினாலோ உள்ளே இரும்பு ஏதோ ஆடியிருக்கிறது.

பிஸ்டனை நகர்த்தக் கிக்கரைத் தொடக் கூடாது. பிளக் வெளியே இருக்க, சென்டர் ஸ்டாண்டில் டாப் கியர் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் நூல் நூலாகத் திருப்புங்கள். எங்காவது தடுத்தால் அங்கேயே நிறுத்திப் பின்னால் திருப்ப வேண்டும். பிஸ்டன் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்க்க நீளமான பிளாஸ்டிக் கேபிள் டை போதும். ஈர்க்குச்சி வேண்டவே வேண்டாம், ஒடிந்து உள்ளே நின்றுவிடும். புல்லட் மாதிரி நிமிர்ந்த சிலிண்டரில் பொருள் பிஸ்டன் தலைமேல் உட்கார்ந்திருக்கும். மேல் முனைக்கு ஓரிரு செ.மீ. கீழே பிஸ்டனை நிறுத்தினால் எட்டும் தூரத்துக்கு வந்துவிடும். ஸ்ப்ளெண்டரின் படுத்த சிலிண்டரில் அது போரின் அடிப்பக்கச் சுவரில் கிடக்கும், புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வும் அந்தப் பக்கம்தான்.

காந்தக் குச்சியில் ஒரு தொல்லை உண்டு. பிஸ்டனும் ஹெட்டும் அலுமினியம், காந்தம் ஒட்டாது. ஆனால் போரின் உள்சுவரான வார்ப்பிரும்பு லைனரிலும் இன்டேக் வால்விலும் போய்ப் பச்சக்கென்று ஒட்டிக்கொள்ளும், குறிப்பாகப் படுத்த சிலிண்டரில். இதற்கு ஹீட் ஷ்ரிங்க் டியூபைக் காந்தத்தின் பக்கங்களில் ஏற்றி, நுனி மட்டும் வெளியே தெரியும்படி விட்டால் பக்கவாட்டில் இழுக்கும் வேகம் குறையும். குச்சியின் நுனிக் காந்தம் வெறும் பசையில் நிற்கிறதா என்பதையும் ஒவ்வொரு முறையும் இழுத்துப் பாருங்கள். 9 மி.மீ. ஓட்டையில் கேமராவும் காந்தமும் ஒன்றாகப் போகாது. பார்த்து, இடத்தை மனதில் பிடித்து, கேமராவை எடுத்துவிட்டுக் காந்தத்தை விட வேண்டும். பல்சர் 150 போன்ற இரட்டைப் பிளக் வண்டிகளில் ஒன்றில் கேமரா, மற்றதில் காந்தம். இந்த வேலையில் அது பெரிய வசதி.

காந்தத்தில் ஒட்டாதவை: அலுமினியச் சீவல், பித்தளை, பிளக்கின் பீங்கான் துண்டு, மரை போன ஓட்டைக்குப் போடும் ஸ்டெயின்லெஸ் காயிலின் ஒடித்தெடுக்கும் நாக்கு. வீட்டு வேக்யூம் கிளீனர் வாயில் 6 மி.மீ. குழாயை டேப் சுற்றி மாட்டி உறிஞ்சினால் சீவலும் துகளும் வந்துவிடும். பீங்கானுக்குக் குழாய் நுனியில் கெட்டி கிரீஸ் தடவித் தொட்டு எடுப்பது பொறுமையான வழி, ஆனால் பலிக்கும். சைலன்சரைக் கழற்றி, எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்த நிலையில் வைத்துப் பிளக் வழியாக ஏர் அடிப்பது கடைசி முயற்சி. கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் அதைச் செய்ய வேண்டாம்.

பொருள் வெளியே வந்ததும் பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்யக் கை துறுதுறுக்கும். எஞ்சின் ஓடும்போது அது உள்ளே அடித்ததா, நின்ற வண்டியில் வெறுமனே விழுந்ததா என்பதே கேள்வி. விழுந்தது மட்டும் என்றால் எடுத்துவிட்டு ஓட்டலாம். அடித்திருந்தால் கேமரா என்ன காட்டினாலும் ஹெட் இறங்க வேண்டும். இங்கே கேமரா ஏமாற்றும். பிஸ்டன் தலையில் சின்னக் குழிகள் நன்றாகத் தெரியும், ஓரத்தில் விழுந்த அடி ரிங் பள்ளத்தை நசுக்கியிருப்பது தெரியாது. ரிங் விரலால் தள்ளினால் சுற்ற வேண்டும். பிடித்தால் பிஸ்டனை மாற்றத்தான் வேண்டும். நடுவில் இருக்கும் குழிகள் பாதகமில்லை, ஆனால் குழியின் விளிம்பில் எழும்பிய கூர்மையை நைஸ் எமரியால் தேய்த்துவிடுங்கள். அது சூட்டில் கனன்று பிளக் பற்றவைக்கும் முன்பே பெட்ரோலைப் பற்றவைக்கும். போர்ச் சுவரில் நகம் மாட்டும் கீறல் இருந்தால் போர் போடும் லேத்துக்கு அனுப்புங்கள். வால்வுகளை மாட்டியபடியே ஹெட்டைக் கவிழ்த்து, போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி இரண்டு நிமிடம் காத்திருங்கள். சீட்டின் ஓரம் ஈரமானால் வால்வு வளைந்திருக்கிறது, அல்லது சீட் அடிபட்டிருக்கிறது. திரும்ப மாட்டும்போது ஹெட் கேஸ்கெட்டும் ஓ-ரிங்குகளும் புதியவை. அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

எடுத்த துண்டுகளை ஒரு தட்டில் சேர்த்து வைத்துப் பாருங்கள். முழு ஸ்க்ரூவின் தலை மட்டும் வந்து உடல் வரவில்லையென்றால் தேடல் முடியவில்லை. சைலன்சருக்குள்ளும் தட்டிப் பார்க்க வேண்டும். எங்கிருந்து கழன்றது என்பதையும் அன்றைக்கே கண்டுபிடித்தாக வேண்டும். பட்டர்ஃபிளையில் இரண்டு ஸ்க்ரூவில் ஒன்று போயிருந்தால் மற்றதும் ஆடிக்கொண்டுதான் இருக்கும். புது ஸ்க்ரூவுக்கு மரைப் பசை ஒரு சொட்டு, பின்பக்க நுனியை லேசாக நசுக்கி விரித்துவிடுவது, இரண்டும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு.

டேப்பட் (வால்வு இடைவெளி) பார்க்கும்போது ஹெட்டுக்குள் நழுவியது வேறு கதை. அது சங்கிலிப் பாதை வழியாக நேராக ஆயில் தொட்டிக்கு இறங்கும், பிளக் ஓட்டையில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. ஆயிலை வடித்து, வடிகால் ஓட்டை வழியாக முதலில் காந்தம், பிறகு கேமரா. அங்கும் அகப்படவில்லையென்றால் கிளட்ச் கவரைக் கழற்றி ஆயில் வடிகட்டும் வலையைப் பார்க்காமல் எஞ்சினைச் சுற்றக் கூடாது. அடிபட்ட எஞ்சினோ, அடிபடாததோ, வேலை முடிந்து 500 கி.மீ. ஓடியதும் ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள். மினுமினுப்பு இருந்தால் அடுத்த 500-க்கும் அதே துணி, அதே வேலை.