மால்தான், ஆனால் பிராட்மேன் சதமடித்த இடம்: ஹேஸ்டிங்ஸ் பிரையரி மெடோ

இங்கிலாந்தின் தென்கடற்கரையில் இருக்கும் ஹேஸ்டிங்ஸுக்குப் போகிறவர்கள் கோட்டையைப் பார்த்து, கடற்கரையில் மீனும் சிப்ஸும் சாப்பிட்டுவிட்டு ரயிலேறிவிடுகிறார்கள். கிரிக்கெட் பிடிக்கும் என்றால், ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரம் நடந்து பிரையரி மெடோ ஷாப்பிங் சென்டருக்கும் போய்விட்டு வாருங்கள்.

கடைகளுக்காகப் போகச் சொல்லவில்லை. துணிக்கடை, செருப்புக்கடை, போன் கடை, காபி என்று எந்த ஊர் மாலிலும் இருப்பதுதான் இங்கேயும். சுத்தமாக இருக்கிறது, ஊருக்கு நடுவில் இருக்கிறது, வயதானவர்களோடு சுற்றிவரச் சிரமமில்லை. நடுச்சதுக்கத்தில் மட்டையைச் சுழற்றியபடி ஒரு வெண்கல ஆட்டக்காரர் நிற்பார், ஆலன் ஸ்லை செய்த சிலை. நான் போனபோது அதன் காலடியில் ஒரு சிறுமி ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், அவள் அம்மா பைகளைக் கீழே வைத்துவிட்டு யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த இடத்தை விட்டு நகரவே மனம் வரவில்லை.

ஏனென்றால் இந்த மொத்த வளாகமும் ஒரு காலத்தில் கிரிக்கெட் மைதானம். சென்ட்ரல் ரெக்ரியேஷன் கிரவுண்ட் என்று பெயர், விக்டோரியா ராணி காலத்தில், 1864-இல் வந்தது. பழைய படங்களைத் தேடிப் பாருங்கள், நாலு பக்கமும் மாடிவீடுகள் நெருக்கிக்கொண்டு நிற்க, ஊரின் முற்றம் மாதிரி நடுவில் புல்தரை. அப்படிப்பட்ட இடத்தில்தான் 1907-இல் இங்கிலாந்து ஆட்டக்காரர் கில்பர்ட் ஜெசப் 90 நிமிடத்தில் 191 அடித்தார். ஒரே சீசனில் 16 சதம் என்ற ஜாக் ஹாப்ஸின் சாதனையை 1947-இல் இன்னொரு இங்கிலாந்து ஆட்டக்காரர் டெனிஸ் காம்ப்டன் 17-ஆவது சதத்தோடு தாண்டியதும் இங்கேதான்.

ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் டான் பிராட்மேனின் கதைதான் என்னை இழுத்துவந்தது. 1948 ஆகஸ்டில் லண்டன் ஓவல் மைதானத்தில் கடைசி டெஸ்டில் அவர் பூஜ்யத்தில் அவுட்டானது நம் ஊர் டீக்கடைப் பேச்சு வரைக்கும் வந்த விஷயம். அடுத்த மாதமே ஹேஸ்டிங்ஸில் தென் இங்கிலாந்து அணிக்கு எதிராக 143 அடித்தார் என்பதை யாரும் சொல்வதில்லை. அப்புறம் கென்ட் கவுண்டி அணியின் பந்துவீச்சாளர் டெரெக் அண்டர்வுட். 1973-இல் மழையில் நனைந்த பிட்ச்சில் இந்த ஊரின் கவுண்டி அணியான சசெக்ஸை 54 ரன்னுக்குச் சுருட்டினார், அவர் கணக்கு 9 ரன்னுக்கு 8 விக்கெட். 1963 முதல் ஆடிவந்த அந்தப் பந்துவீச்சாளர் தன் ஒரே முதல்தரச் சதத்தை, 111 ரன்னை, எடுத்ததும் இதே தரையில், 1984-இல்.

ஊர் நடுவில் அவ்வளவு பெரிய வெற்று நிலம் இருந்தால் கடை கட்டத்தான் கேட்பார்கள். 1989-உடன் இங்கே கவுண்டி கிரிக்கெட் முடிந்தது, 1997-இல் எலிசபெத் ராணி வந்து இந்த சென்டரைத் திறந்துவைத்தார். ஊர் கிளப் ஹார்ன்டை பார்க்குக்கு இடம் மாறியது. 125 வருட மைதானத்தைக் கொடுத்து இதை வாங்கியிருக்க வேண்டாம் என்பதுதான் என் எண்ணம், அதற்காக வராமல் இருந்துவிடாதீர்கள்.

காலை சீக்கிரம் வாருங்கள், கூட்டம் இருக்காது. சிலை பக்கத்தில் நின்று, பிட்ச் எந்தப் பக்கம் ஓடியிருக்கும் என்று பழைய படத்தைப் போனில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பொருத்திப் பாருங்கள். எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது.