நீலத்துடுப்புச் சூரை: கடலில் பிடித்ததா, கூண்டில் கொழுத்ததா, முட்டையிலிருந்து வளர்த்ததா?

நீலத்துடுப்புச் சூரையில் (ப்ளூஃபின் டூனா) கடல் மீன், பண்ணை மீன் என்று இரண்டு வகைதான் உண்டு என்று நினைத்து வாங்குகிறவர்கள் அதிகம். பண்ணை மீன் வாங்கினால் கடலுக்குச் சுமை குறையும் என்ற எண்ணமும் கூடவே இருக்கும். இரண்டுமே பாதி சரி. பண்ணை மீனாக விற்பதில் பெரும்பகுதி கடலில் பிறந்து, கடலில் வளர்ந்து, சுருக்குமடி வலையில் உயிரோடு வளைக்கப்பட்டு, சில மாதம் கூண்டில் தீனி தின்று கொழுத்த மீன். முட்டை முதல் கடைசி வரை மனிதர் கையில் வளர்ந்த மீன் தனி வகை. அது சந்தைக்கு வருவது கொஞ்சம். ஆகவே ஒப்பிட வேண்டியவை மூன்று.

இனமும் மூன்று. அட்லாண்டிக் மீன் உருவத்தில் பெரியது. 1979இல் கனடாவின் நோவா ஸ்கோஷியா அருகே தூண்டிலில் அகப்பட்ட மீன் 679 கிலோ. பசிபிக் மீன் ஜப்பானைச் சுற்றி முட்டையிட்டு, அதில் ஒரு பகுதி கலிபோர்னியா வரை போய்த் திரும்பும். தெற்கு நீலத்துடுப்பு ஜாவாவுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஒரே ஓர் இடத்தில்தான் முட்டையிடும். தமிழ்நாட்டுத் துறைகளில் பெரிய சூரை என்று இறங்குவது மஞ்சள்துடுப்பு. அதை இந்த மீனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதலில் கொழுப்பைப் பார்ப்போம், ஏனென்றால் விலை அதில்தான் நிற்கிறது. ஜப்பானின் அரசு உணவுச் சத்து அட்டவணைப்படி கடல் மீனின் சிவப்புச் சதையில், அதாவது அகாமியில், 100 கிராமுக்குக் கொழுப்பு 1.4 கிராம். அதே மீனின் கொழுத்த வயிற்றுச் சதையில் 27.5 கிராம். கூண்டு மீனின் அகாமியிலோ 7.6 கிராம். கடல் மீனில் முதுகும் வயிறும் இரண்டு வேறு மீன்கள் போலச் சுவைப்பதும், கூண்டு மீனில் எங்கே வெட்டினாலும் வெண்ணெய்த்தன்மை வருவதும் இதனால்தான். ஓட்டோரோ என்னும் அடிவயிற்றுத் துண்டு மட்டும் வேண்டுமென்றால் கூண்டு மீன் குறைந்த விலையில் நிறையக் கொடுக்கும். ஆனால் அகாமியின் இரும்பு மணமும் லேசான புளிப்பும் கூண்டு மீனில் மழுங்கிவிடும். இந்த மீனை மற்றச் சூரைகளிலிருந்து உயர்த்துவது அகாமிதான் என்பது எங்கள் உறுதியான கருத்து. அதற்காக வாங்குகிறவர் கடல் மீனைத்தான் வாங்க வேண்டும்.

கடல் மீன் என்றால் எல்லாம் ஒன்றல்ல. எந்த மாதம், எந்தக் கருவி என்று கேட்க வேண்டும். ஜப்பானின் ஓமா, சுகாரு நீரிணைக் கரையில் உள்ள சிற்றூர். ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை கணவாயும் சௌரி என்னும் சிறுமீனும் தின்று கொழுக்கும் மீனை அங்கே ஒற்றைத் தூண்டிலாலும் நீள்வரித் தூண்டிலாலும் பிடிக்கிறார்கள். 2019 ஜனவரி 5 அன்று டோக்கியோவின் டோயோசு சந்தையில் 33.36 கோடி யென்னுக்குப் போன 278 கிலோ மீன் ஓமாவிலிருந்து வந்தது. அந்த விலை புத்தாண்டு முதல் ஏலத்தின் விளம்பர விலை. அதை வைத்துச் சுவையை அளக்க முடியாது.

ஸ்பெயினின் காடிஸ் மாகாணத்தில் பார்பாத்தே, கோனில், சாகாரா, தாரிஃபா ஆகிய ஊர்களில் நிலைவலை கட்டும் அல்மத்ராபா முறை இருக்கிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரை, முட்டையிட மத்தியதரைக் கடலுக்குள் நுழையும் மீன் கரையோரமாக வரும். வழியில் வலைச் சுவர் மறிக்க, அறை அறையாகக் கடைசி வலைக்குள் போய்ச் சேரும். உள்ளே போகும் மீன் வடக்கு அட்லாண்டிக்கில் தின்ற கொழுப்போடு வருவது. முட்டையிட்டுவிட்டு ஜூலையில் வெளியேறும் அதே மீன் மெலிந்து, சதை வறண்டிருக்கும். ஊரும் இனமும் ஒன்றானாலும் இரண்டு மாத இடைவெளியில் தரம் தலைகீழாகிவிடும். மெலிந்த மீன் உப்பிட்டு உலர்த்தி மொஹாமா செய்ய நல்லது. பச்சையாகத் தின்ன அல்ல.

கூண்டுத் தொழிலுக்கான காரணமும் இந்த மெலிவில்தான் இருக்கிறது. மே கடைசியிலிருந்து ஜூன் வரை மத்தியதரைக் கடலில் சுருக்குமடி வலையில் விழுவது முட்டையிடும் காலத்து மீன். அப்போதே வெட்டினால் விலை கிடைக்காது. அதனால் வலையிலிருந்து இழுவைக் கூண்டுக்கு மீனை நீந்தவிட்டு, மால்டா, ஸ்பெயின் கரைகளுக்கு இழுத்துப்போய், மத்தியும் கானாங்கெளுத்தியும் ஹெர்ரிங்கும் போட்டு, அக்டோபருக்குப் பிறகு அறுவடை செய்கிறார்கள். இழுக்கும் வேகம் மணிக்கு ஒன்றிரண்டு கடல் மைல்தான். சூரை நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளுக்கு நீர் போகும். வேகம் கூடினால் வலையில் அழுந்தி மீன் சாகும். கூண்டு மாற்றும்போது மீன்கள் வாசலைக் கடப்பதை இரட்டைக் கேமராவில் பதிந்து எண்ணிக்கையும் நீளமும் கணக்கிடுவது கட்டாயம். முன்பு ஒதுக்கீட்டை, அதாவது பிடிக்க அனுமதித்த அளவை, மீறிப் பிடித்த மீனை மறைக்க இந்த வாசல் வசதியாக இருந்தது.

தென் ஆஸ்திரேலியாவின் போர்ட் லிங்கனில் இதே முறை 1990களின் தொடக்கத்திலிருந்து நடக்கிறது, ஆனால் மீன் வேறு. அங்கே வளைப்பது 15 முதல் 20 கிலோ வரையுள்ள, இன்னும் ஒரு தடவைகூட முட்டையிடாத இளம் தெற்கு நீலத்துடுப்பு. சில மாதத்தில் எடை இரட்டிப்பை நெருங்கும். தின்பதற்கு மென்மையான, சின்ன மீன். இனப்பெருக்கப் பார்வையில் எங்களுக்கு இதில் மனம் ஒப்பவில்லை: முட்டையிடும் வயது வர எட்டு ஆண்டுக்கு மேல் ஆகும் மீனை மூன்று வயதில் எடுப்பது, ஒதுக்கீட்டுக்குள் எடுத்தாலும், பெரிய விலை.

கூண்டின் உண்மையான நன்மை கொழுப்பில் இல்லை, சாவில் இருக்கிறது. நீலத்துடுப்பு சூடான உடல் கொண்ட மீன். தசையில் பின்னிய இரத்தக்குழாய் வலை, உழைப்பில் எழும் சூட்டை வெளியே விடாது. தூண்டிலில் நெடுநேரம் போராடினால் உள்ளே சூடு ஏறும், லாக்டிக் அமிலம் சேரும், புரதம் குலையும். வெட்டிப் பார்த்தால் சதை வெளிறி, கலங்கி, நீர் கசிந்து, புளித்திருக்கும். ஜப்பானியர் இதை யாகே என்பார்கள். எவ்வளவு கொழுத்த மீனானாலும் யாகே பிடித்தால் பச்சையாக விற்க முடியாது. ஓமாவில் தூண்டில் கயிறு வழியே வளையம் இறக்கி மின்னதிர்ச்சி கொடுத்து மீனைச் சீக்கிரம் மயக்குவது இதைத் தடுக்கத்தான். கூண்டில் முக்குளிப்பவர் அருகே போய் ஓட்டம் இல்லாமல் முடித்துவிட முடியும்: மூளையில் ஒரே குத்து, தண்டுவடத்துக்குள் கம்பி, மார்புத்துடுப்புக்குப் பின்னும் செவுளிலும் வெட்டி இரத்தம் வடிப்பு, குடல் நீக்கி உடனே ஐஸ் கலந்த கடல்நீர். இந்த வரிசையில் எதைத் தாமதித்தாலும் கெடும். இரத்தம் நின்றால் சதையில் கறுப்புப் புள்ளிகளும் வாடையும். குளிர்விக்கப் பிந்தினால் ஹிஸ்டமின். சமைத்தாலும் போகாத நஞ்சு அது. ஆக, மோசமாகக் கையாண்ட கடல் மீனைவிட நன்றாக அறுத்த கூண்டு மீன் எப்போதும் மேல்.

மூன்றாவது வகை ஜப்பானின் கிண்டாய் பல்கலைக்கழகத்தின் உழைப்பு. 1970இல் தொடங்கி, 1979இல் கூண்டில் முதல் முட்டை பெற்று, 1983 முதல் 11 ஆண்டுகள் மீன் முட்டையே இடாமல் போய், 2002இல்தான் கூண்டில் பிறந்த மீன் கூண்டிலேயே முட்டையிட்டது. ஏன் இவ்வளவு காலம்? ஒரு மில்லிமீட்டர் முட்டையிலிருந்து வரும் குஞ்சு முதலில் நீர்ப்பரப்பில் ஒட்டிச் சாகும், பிறகு இரவில் அடியில் மூழ்கிச் சாகும், அடுத்து ஒன்றையொன்று தின்னும், விரல் நீளம் வந்ததும் திடுக்கிட்டுப் பாய்ந்து சுவரில் மோதிக் கழுத்து முறியும். இரவிலும் விளக்கு எரியவிட்டால் மோதல் குறையும் என்று கண்டுபிடித்தார்கள். தட்டில் இந்த மீன் கூண்டு மீனைப் போலத்தான்: கொழுப்பு நிறைய, அகாமி மென்மை, ஆழம் குறைவு. கடலிலிருந்து ஒரு சூரைக் குஞ்சைக்கூட எடுக்கவில்லை என்பதே இதன் பெருமை. ஜப்பானின் மற்றப் பண்ணைகளில் பல இன்றும் கடலில் பிடித்த இளம் மீனைத்தான் வளர்க்கின்றன.

தீனிக் கணக்கில் இரண்டு பண்ணை வகையும் தோற்கின்றன. ஒரு கிலோ சூரை எடை கூடப் பத்துக் கிலோவுக்கும் மேல் சிறுமீன் போகும். ஓயாத நீச்சலிலேயே பெரும் ஆற்றல் செலவாகிவிடுவதுதான் காரணம்.

கடலின் நிலைமை 2010 வாக்கில் இருந்ததைவிட நன்றாக இருக்கிறது. 2010இல் அட்லாண்டிக் மீனின் பன்னாட்டு வணிகத்தையே தடை செய்ய மொனாக்கோ கொண்டுவந்த தீர்மானம், தோகாவில் நடந்த அருகிவரும் உயிரின வணிகம் பற்றிய பன்னாட்டுக் கூட்டத்தில் தோற்றது. ஆனால் ஒதுக்கீடு இறுகியது. 30 கிலோவுக்குக் குறைந்த மீனை, சில விலக்குகள் தவிர, கிழக்கு அட்லாண்டிக்கில் தொடக் கூடாது என்பது நின்றது. 2021இல், உயிரினங்களின் அழிவு ஆபத்தை மதிப்பிடும் ஐயூசிஎன் அமைப்பின் சிவப்புப் பட்டியலில் அட்லாண்டிக் மீன் கவலை குறைந்த நிலைக்கு வந்தது. பசிபிக் மீன் அச்சுறுத்தலை அண்மித்த நிலையிலும், தெற்கு மீன் இன்னும் அழியும் ஆபத்திலும் இருக்கின்றன. எனவே இன்று மனம் உறுத்தாமல் வாங்க எங்கள் முதல் தேர்வு, மே மாத அல்மத்ராபா மீன். வயிற்றுத் துண்டு மட்டும் வேண்டும் என்பவருக்கு முட்டையிலிருந்து வளர்த்த மீன். போர்ட் லிங்கன் மீன் கடைசி.

சமையலறைக்கு வந்தால், வாங்குவது பெரும்பாலும் உறைந்த கட்டியாக இருக்கும். மைனஸ் 60 பாகையில் உறைய வைத்தது சிவப்பாகவே இருக்கும். வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18இல் சில வாரத்தில் நிறம் பழுப்பாகும், அதனால் வாங்கினால் சீக்கிரம் தின்றுவிட வேண்டும். உருக்க, லிட்டருக்கு 30 முதல் 40 கிராம் உப்புக் கரைத்த 40 பாகை நீரில் ஒரு நிமிடம் மட்டும் முக்கி, மேற்பரப்பைக் கழுவி, துடைத்து, சமையல் தாளில் சுற்றி, குளிர்பெட்டியின் மிகக் குளிர்ந்த தட்டில் இரவு முழுக்க வைக்கவும். மேசை மேல் வைத்து உருக்கினால் சாறு வடிந்து சதை பஞ்சாகும். கடல் மீன் அகாமியைத் தாளை மாற்றிக்கொண்டே இன்னும் ஒரு நாள் வைத்தால் சுவை கூடும். கூண்டு மீனை வைக்க வேண்டாம், கொழுப்புக் காறும். நெருப்பில் போடுவதானால் அகாமியை ஒவ்வொரு பக்கமும் 30 நொடிக்கு மேல் வாட்டாதீர்கள். செவுளுக்குப் பின்னுள்ள கழுத்துத் துண்டை மட்டும் உப்புத் தடவி, கொழுப்பு சொட்டும்வரை நன்றாகச் சுடலாம்.

கருவுற்ற பெண்களுக்கு ஜப்பான் நலத்துறை சொல்லும் உச்ச அளவு, பாதரசம் கருதி, அட்லாண்டிக், பசிபிக் நீலத்துடுப்பு வாரத்துக்கு ஒரு தடவை 80 கிராம். தெற்கு நீலத்துடுப்பானால் அதே அளவு இரண்டு தடவை.