ஓவுலேஷன் கிட்டா, தெர்மாமீட்டரா?

கருமுட்டை வெளியானபின் 12 முதல் 24 மணி நேரம்தான் தாங்கும். விந்தணுவோ பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். ஆகவே கருத்தரிக்க விரும்புபவர்களுக்கு, முட்டை வெளியாவதற்கு (ஓவுலேஷன்) முந்தைய சில நாட்களைப் பிடிப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மெடிக்கல் ஷாப்பில் விற்கும் ஓவுலேஷன் கிட், முட்டை வெளியாகத் தூண்டும் எல்ஹெச் ஹார்மோன் சிறுநீரில் திடீரென ஏறுவதைக் காட்டும். அதிலிருந்து ஏறத்தாழ 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளியாகும். 28 நாள் மாதவிலக்கு சுழற்சி என்றால், மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ணி 10, 11ஆம் நாளிலேயே சோதிக்க ஆரம்பிக்கலாம். பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ளவர்களுக்கு மட்டும் எல்ஹெச் எப்போதுமே கூடுதலாக இருக்கக்கூடும். அப்போது கிட்டில் தெரியும் கோட்டை நம்ப முடியாது.

தெர்மாமீட்டர் கிட்டத்தட்ட செலவில்லாதது. காலையில் கண் விழித்ததும், எழுந்திருக்காமலே உடல் வெப்பத்தைப் பார்த்துக் குறிக்க வேண்டும். ஆனால் வெப்பம் 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் ஏறுவது முட்டை வெளியான பிறகுதான். பஸ் போன பிறகு நேரம் சொல்வது போல! சில மாதம் குறித்து வந்தால் போக்கு புரியும், சரி. காய்ச்சலும் தூக்கக்கேடும் அதையும் குழப்பிவிடும்.

என் ஓட்டு கிட்டுக்கே. இரண்டுமே தலைவலி என்பவர்கள், மாதவிலக்கு முடிந்தபின் ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்தாலே போதும். ஓராண்டு முயன்றும் கருத்தரிக்கவில்லை என்றால், 35 வயதைத் தாண்டியவர்கள் 6 மாதத்திலேயே, டாக்டரைப் பாருங்கள். கணவரும் கூடவே வந்து விந்துப் பரிசோதனை செய்துகொள்ளட்டும்.