பாளையங்கோட்டை க்ளைம்பிங் ஜிம், கயிறு பிடிக்க கத்துக்கிடவே போகலாம்

பாளையங்கோட்டைல ஒரு பழைய நெல்லு குடோனுக்குள்ள ஏறிப் பழகுற சுவர் அடிச்சு க்ளைம்பிங் ஜிம் நடத்துதாங்கல்லா, அது எப்படி இருக்கு, பிள்ளைகள சேக்கலாமான்னு நிறைய பேரு கேக்காங்க. சேக்கலாம், தைரியமா சேக்கலாம். எனக்கு அங்க ரொம்பப் பிடிச்சது பெல்லே சொல்லித்தர்ற விதம், அதனால அதயே முதல்ல சொல்லுதேன்.

பெல்லேனா, ஒருத்தர் மேல ஏற ஏற கீழ நிக்கவரு கயிற வாங்கிக்கிட்டே இருக்கணும், மேல உள்ளவரு கை நழுவுனா அந்தக் கயிறுதான் தாங்கும். புதுசா வாரவங்கள முத நாளே உச்சிக்கு ஏத்தி போட்டோ எடுத்து அனுப்புற வேலையெல்லாம் இங்க கிடையாது. எட்டு வடிவத்துல முடிச்சு போட்டு காட்டணும், திரும்பி வார கயிறு முதல் எட்டு கூடவே ஒட்டிப் போகுதான்னு கோச் விரல வச்சு தடவிப் பாப்பாரு, அப்புறம் ஹார்னஸ்ங்கிற இடுப்பு பெல்ட்டோட பக்கிள், கயிற மாட்டுற காராபினர் வளையத்தோட பூட்டு, ஏறுறவரு பிடிக்கிறவரோடத பாக்கணும், பிடிக்கிறவரு ஏறுறவரோடத பாக்கணும், பாத்தாச்சுன்னு வாய்விட்டு சொல்லணும். கயிற இறுக்கி நிறுத்துற பிரேக் கை எந்தக் காரணத்துக்கும் கயிற விடக்கூடாது, மூக்கு அரிச்சாலும் அந்தக் கையால சொரியக்கூடாது. இங்க வச்சிருக்கது தானா இறுகிப் பிடிக்கிற கருவிதான், அப்பவும் அத நம்பி கைய எடுக்காதன்னு சளைக்காம சொல்லிக்கிட்டே இருக்காங்க. டெஸ்ட்ல பாஸாகாம ஒருத்தரையும் தனியா கயிறு பிடிக்க விடமாட்டாங்க, யாரு வீட்டுப் பிள்ளையா இருந்தாலும் சரி. பெரிய ஊர் ஒண்ணுல நான் போன ஜிம்ல ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டு உள்ள விட்டுட்டாங்க, அத நினைச்சா இப்பவும் கோவம் வருது.

ஒவ்வொரு கயிறுக்கும் ஒரு நோட்டு வச்சிருக்காங்க. எப்ப வாங்குனது, எப்ப செக் பண்ணது, எந்த முனை பஞ்சு கிளம்பி வெட்டுனது, எல்லாம் அதுல இருக்கு, கேட்டா காட்டுவாங்க. எல்லாம் இழுபட்டுக் குடுக்கிற டைனமிக் கயிறு. கடைல விக்கிற சாதா கயிறு எவ்வளவு தடிமனா இருந்தாலும் விழுற வேகத்த இது மாதிரி உள்வாங்காது, நம்ம இடுப்புதான் வாங்கணும், அதனால வீட்ல மாடில கயிறு கட்டி பழகுதேன்னு யாரும் இறங்கிராதீங்க.

சுவர் உயரம் குடோன் கூரை அளவுதான், ஒலிம்பிக் ஸ்பீடு போட்டிக்கு 15 மீட்டர் சுவர் வேணும், அதுக்கு பழகணும்னு வாரவங்களுக்கு இது சரிப்படாது. போல்டரிங் பக்கம் நல்லா இருக்கு, கயிறு கிடையாது, தடிமனான மெத்தை, லேசான வி0ல இருந்து கஷ்டமான வி5 வரைக்கும் கலர் கலரா ரூட். ஆனா சுவர்ல பிடிச்சு ஏறுற கல்லு, ஹோல்டும்பாங்க, அத மாத்த ரொம்ப நாளாக்குதாங்க, பழைய ஆளுகளுக்கு எந்தக் கல்லு எங்கன இருக்குன்னு மனப்பாடமாயிட்டு. விரல் பலகைல தொங்க புதுப் பையன்கள விடமாட்டாங்க, அது சரிதான், தசை சீக்கிரம் பலமாயிரும், விரலுக்குள்ள உள்ள தசைநாரும் அத பிடிச்சிருக்க வளையமும் பலமாக ரொம்ப நாளாகும், அவசரப்பட்டா அந்த வளையம்தான் கிழியும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல போனா காலேஜ் பிள்ளைக, ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி ட்யூட்டி முடிச்சு வார அக்கா, ரிட்டயர்டான ஒரு சார்வாள், எல்லாரும் மெத்தைல உக்காந்து மேல ஏறுறவங்களுக்கு சத்தம் குடுத்துக்கிட்டு இருப்பாங்க. திசையன்விளை பக்கத்துல இருந்து ஒரு தம்பி வாரான், அவுக அப்பா பனையேறி. பையனுக எல்லாம் கையால இழுத்து இழுத்து பாதிலயே முன்கை இறுகி இறங்குவானுக, இவன் பைய காலெடுத்து வச்சு எந்திரிச்சு போயிக்கிட்டே இருப்பான். "காலுதாம்ல ஏறணும், கை சும்மா அணைச்சுக்கிட்டா போதும்னு எங்கப்பா சொல்லுவாவ"ன்னான். பனைல கால்ல தளைநார் மாட்டி ஏறுறதும் அப்படித்தான, பாரம் பூரா கால்ல. இப்ப புதுசா வாரவங்களுக்கு கோச்சே அவன் காலத்தான் பாக்கச் சொல்லுதாரு.

மார்கழி, தை மாசத்துல வெளிப்பாறைக்கு கூட்டிட்டு போவாங்க, வள்ளியூருக்கு அங்கிட்டு ஒரு பொத்தை, பாறைக் குன்றுதான், பட்டா நிலம், சொந்தக்காரர்ட்ட கேட்டுத்தான் போறது. இருட்டோட கிளம்பணும், வெயில் ஏறிட்டுன்னா பாறை சுட ஆரம்பிச்சிரும், கை வேர்த்து எவ்வளவு சாக் பொடி போட்டாலும் பிடி நிக்காது. ஆடில போறதே இல்ல, ஆரல்வாய்மொழி கணவாய் காத்து அடிக்கிற அடில கீழ போடுற கயிறு எங்கயோ பறக்கும், மேல இருந்து கத்துறது கீழ கேக்கவே கேக்காது. போனதும் முதல் வேலை மலைத்தேனீ கூடு பாக்கிறது, பைனாகுலர்ல பாறைச் சரிவு பூரா பாத்துட்டுத்தான் கயிறயே எடுப்பாங்க, சென்ட் போட்டு வந்தவங்க அன்னைக்கு கீழதான். கூடு இருந்தா பேசாம திரும்பிருவாங்க. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ள கூட்டிட்டு போகச் சொல்லி யாராவது கேட்டா ஒரே பதில், முடியாது. கழுகுமலைல சமணர் சிற்பம் உள்ள பாறை பக்கம் ஏறிப் பாக்கலாமான்னு ஒரு பையன் கேட்டதுக்கு கோச் உக்கார வச்சு அரைமணி நேரம் பேசுனாரு, ஆயிரம் வருஷத்துக்கு மேல நிக்கிற கல்லுல நம்ம சாக் கறை எதுக்குலன்னு. எனக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு, நம்ம மாவட்டத்துல கல் குவாரிக்கு எத்தன பொத்தை போயிட்டு, மிச்சம் இருக்கதயாவது ஏறுறவங்க மதிக்கணும்லா.

குறைன்னா, தகரக் கூரை, சித்திரை வைகாசில மத்தியானம் உள்ள நிக்கவே முடியாது, பேன் நாலஞ்சு கூட போடணும். வாடகை ஷூல சின்ன சைஸ் கிடைக்கதில்ல, பொம்பளப் பிள்ளைகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கஷ்டம். உடுப்பு மாத்த ஒரே ஒரு ரூம்தான், அத உடனே சரி பண்ணணும், அந்த ஒண்ணுக்காகவே ரெண்டு பிள்ளைக நின்னுட்டாங்க. மாச ஃபீஸ் சாதா ஜிம்மவிட கூடத்தான், ஸ்டூடண்ட் ஐடி காட்டுனா குறைப்பாங்க. ஞாயித்துக்கிழமை காலைல கூட்டம் தாங்காது, முத தடவை போறவங்க வாரநாள் சாயங்காலமா பாத்து போங்க, நகத்த வெட்டிட்டு, மோதிரத்த வீட்லயே கழட்டி வச்சிட்டு போங்க.