காலையில் தறிக்கூடம், மாலையில் கூத்தம்பலம்: கலாக்ஷேத்ராவில் ஒரு நாள்

நாட்டியம் பார்க்கப் போகும் நம்மில் பலர் மேடையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். சென்னைத் திருவான்மியூரில் உள்ள கலாக்ஷேத்ரா என்ற கலைப் பள்ளியை அப்படிப் பார்த்தால் பாதிதான் பார்த்ததாகும் என்பது, அங்கே ஒரு முழு நாள் இருந்த பிறகே எனக்கு விளங்கியது. அதை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேலை ஆடியவர், நாட்டியம் அமைத்தவர், நாடகங்களைத் தயாரித்தவர், கற்பித்தவர் என்று நான்கு வகையாகச் சொல்வார்கள். அந்த வளாகத்தில் நடந்த எனக்கோ, தயாரிப்பாளர்தான் மற்ற மூவரையும் தோளில் சுமந்தவர் என்று தோன்றியது.

வார நாள் ஒன்றில் காலையிலேயே போய்விடுவது நல்லது. ஆலமரத்தடியில் பிரார்த்தனை முடிந்ததும் மாணவர்கள் மரங்களுக்கிடையே உள்ள குடில்களுக்குப் பிரிந்து செல்கிறார்கள். சற்று நேரத்தில் தாளம் போடும் தட்டுக்கழி மரக்கட்டைமேல் விழும் ஓசை நாலா பக்கமிருந்தும் கேட்கத் தொடங்குகிறது. நான் நின்று பார்த்த வகுப்பில் அடவு எனும் அடிப்படை ஆட்ட அசைவுகளில் ஒன்றையே மூன்று வேகத்திலும் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார்கள். முழங்கால் மடித்து நிற்கும் அரைமண்டி சிறிது உயர்ந்தாலும் ஆசிரியரின் கழி நின்றுவிடும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கோடு போட்டாற்போல் நீளும் கை, தளராத முதுகு, மிகையில்லாத முகம் என்று கலாக்ஷேத்ரா பாணிக்கு நாம் சொல்லும் இலக்கணமெல்லாம் இந்தச் சலிப்பூட்டும் காலைகளில்தான் உருவாகிறது.

மதுரையில் 1904இல் பிறந்த ருக்மிணி தேவி, நாட்டியத்துக்கு வந்தது சிறு வயதில் அன்று. ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவை 1928இல் சந்தித்த பிறகே அவர் மனம் ஆட்டத்தின் பக்கம் திரும்பியது. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பின்னர்ப் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பரதநாட்டியத்தின் முந்தைய வடிவமான சதிர் கற்றுக்கொண்டு, 1935இல் அடையாறு தியோசாபிகல் சங்கத்தின் வைர விழாவில் ஆடியபோது அவருக்கு வயது 31. இந்தக் காலத்துக் கணக்கில் பலர் கச்சேரியைக் குறைத்துக்கொண்டு வகுப்பெடுக்கத் தொடங்கும் வயது அது. அவரோ ஆடத் தொடங்கிய மறு ஆண்டே, 1936இல், கலாக்ஷேத்ராவையும் தொடங்கிவிட்டார். தனி நர்த்தகியாக மட்டும் அவரை எடைபோடுவது ஏன் பொருந்தாது என்பதற்கு இந்த ஆண்டுகளே போதும்.

மேடைக்கு என்ன வேண்டுமோ அதைக் கடையில் தேடாமல் தாமே உண்டாக்கிக்கொள்வது அவருடைய வழக்கமாக இருந்திருக்கிறது. பழைய காஞ்சிபுரச் சேலைகளின் நிறமும் கரையும் வழக்கொழிந்துகொண்டிருந்த நாளில் அவர் நெசவையும் தொடங்கினார். அருகிலுள்ள கைவினைக் கல்வி ஆராய்ச்சி மையத்தில் இன்றும் தறிகள் ஓடுகின்றன. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறொரு நிறமுமாக, இழையை ஓட்டும் மூன்று நாடாக்கள் ஓடி இணையும் கோர்வைச் சேலையைத் தறியிலேயே பார்க்க வேண்டும். இரு நிறங்களும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு ரேக்காக, அதாவது கூரிய பல் வரிசையாக, எழும் இடத்தில் நெசவாளியின் கை வேகம் குறைகிறது. மாலையில் மேடையில் அரக்குக் கரை விசிறியாக விரிந்தபோது, காலையில் பார்த்த தறிதான் நினைவுக்கு வந்தது. துணியில் ஓவியம் தீட்டும் கலம்காரி வேலையும் அங்கே நடக்கிறது. அதை அவசரமாகத்தான் பார்த்தேன்.

மாலை நிகழ்ச்சி, அவர் அமைத்த ராமாயண வரிசையில் 1968ஆம் ஆண்டின் ‘சூடாமணி பிரதானம்’; சீதை தன் தலையணியான சூடாமணியை அனுமனிடம் கொடுத்தனுப்பும் கதை. இந்த வரிசை 1955இல் ‘சீதா சுயம்வர’த்தில் தொடங்கி 1970இல் ‘மகா பட்டாபிஷேக’த்தில் முடியும் ஆறு நாடகங்களைக் கொண்டது, அதாவது ஒரே கதைக்கு அவர் பதினைந்து ஆண்டுகளைக் கொடுத்திருக்கிறார். தொடக்கப் பகுதிகளுக்கு இசையமைத்த மைசூர் வாசுதேவாச்சார் 1961இல் மறைந்ததும், அவருடைய பேரன் எஸ். ராஜாராம் அந்தப் பணியைத் தொடர்ந்தார். வால்மீகியின் வடமொழிச் சுலோகங்களே பாடப்படுவதால், காட்சிகளின் வரிசையை ஒருமுறை மனத்தில் ஓட்டிக்கொண்டு போய் உட்கார்வது நல்லது.

கேரளக் கோயில்களின் நாடக அரங்கான கூத்தம்பலத்தை முன்மாதிரியாகக் கொண்டு 1980களில் எழுந்த அரங்கு அது. ஓங்கிய கூரையும் மரத்தூண்களும் பார்வையாளரைத் தாமாகவே அமைதிப்படுத்திவிடுகின்றன. அனுமனின் துள்ளலில் கதகளியின் நடை தெளிவாகத் தெரிகிறது. சந்து பணிக்கர் போன்ற கதகளி ஆசான்கள் அந்நிறுவனத்தில் கற்பித்ததன் தடம் அது. சீதை சூடாமணியை அவிழ்த்துக் கொடுக்கும் இடத்தில் நாட்டியமே ஏறக்குறைய நின்றுவிடுகிறது. கை தலைக்குப் போகிறது, சற்றுத் தயங்குகிறது, கீழிறங்குகிறது, அவ்வளவுதான். அத்தனை அடவு தெரிந்த ஒருவர் அந்த இடத்தில் ஓர் அடவையும் வைக்காமல் விட்டதை நான் பெரிதாக மதிக்கிறேன். முற்பகுதியில் கூட்டக் காட்சிகள் சில நீள்கின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பக்கவாட்டுச் சமச்சீர் அமைப்பு மூன்றாம் முறை வரும்போது கண் முன்கூட்டியே ஊகித்துவிடுகிறது.

எனக்குள்ள பெரிய மறுப்பு வேறு. சதிரின் சிருங்காரத்தை, அதாவது காதல் சுவையை, ருக்மிணி தேவி பக்தியின் பக்கம் சாய்த்தார். இசை வேளாளர் மரபில் வந்த நர்த்தகி பாலசரஸ்வதி அதை ஏற்கவில்லை. அந்த வழக்கில் நான் பாலசரஸ்வதி பக்கம்தான். பதம் எனும் காதல் பாடலில் நாயகி நாயகனிடம் கோபித்துக்கொள்ளும்போது, அந்தக் கோபத்தில் உடம்பும் இருக்க வேண்டும். தூய்மைப்படுத்தப்பட்ட அபிநயத்தில், அதாவது பாவ வெளிப்பாட்டில், கோபம் மிஞ்சுகிறது, உடம்பு மறைந்துவிடுகிறது. இக்கலையைக் காத்துவந்த இசை வேளாளர் குடும்பங்களிடமிருந்தே அவர் கற்றார் என்பதையும், அந்தக் குடும்பத்துப் பெண்கள் பலருக்கு மேடை கைநழுவிய அதே காலத்தில்தான் இந்த மேடை எழுந்தது என்பதையும் பார்வையாளர் மறந்துவிடக் கூடாது. ஆனால் அன்றைய மாலை இந்த மறுப்பு எனக்கு இடையூறாக வரவில்லை. தனிப் பதத்தில் குறையாகப் படும் அதே அடக்கம் இராமாயணத்தில் பொருந்திவிடுகிறது; அசோகவனத்துச் சீதைக்கு வேறு எந்த முகம் பொருந்தும்?

கற்பித்தலைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. யாமினி கிருஷ்ணமூர்த்தி, தனஞ்செயன் தம்பதியர், அடையாறு கே. லக்ஷ்மண், சி. வி. சந்திரசேகர் என்ற பெயர்களே போதும். இவர்களில் ஒருவர் ஆட்டம் மற்றவருடையதுபோல் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். எல்லாரையும் ஒரே அச்சில் வார்க்கும் பள்ளி என்ற குற்றச்சாட்டு அந்த அளவுக்குத் தளர்ந்துவிடுகிறது.

போக நினைப்பவர்கள், மார்கழியையொட்டி நடக்கும் ஆண்டுக் கலைவிழாவில் நடன நாடகம் உள்ள மாலையாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். தனிக்கச்சேரி சென்னையில் எந்தச் சபாவிலும் கிடைக்கும். இந்த நாடகங்களை அவை பிறந்த வளாகத்திலேயே பார்ப்பது வேறு அனுபவம். கூத்தம்பலத்தில் முன்வரிசையைவிடச் சற்றுப் பின்னால் உட்கார்ந்தால்தான் குழு அமைப்பு முழுதாகக் கண்ணில் படும். சேலை வாங்கும் எண்ணம் இருந்தால் தாராளமாகவே பணம் எடுத்துக்கொண்டு போங்கள். கோர்வை ஓடுவதைத் தறியில் பார்த்த பிறகு விலையைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.